வெட்டுக்கு முன்பா, பின்பா?

அன்புள்ள சண்முகம்,

கடிதம் வந்து பத்து நாளாகிறது, பதில் தாமதம்தான். மகளும் மயக்கவியலே எடுத்திருக்கிறாள் என்றதும் சிரிப்பு வந்தது. இனி உன் வீட்டில் இரண்டு பேருக்குத் தூக்கம் கெடும். அப்பாவும் மகளும் சண்டை போட்ட விஷயத்துக்கு வருகிறேன்: லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளைகள் வழியே) பித்தப்பை எடுக்கும்போது, வயிற்றுச் சுவர் நரம்புகளை மரக்கச் செய்யும் டேப் பிளாக் ஊசியை முதல் வெட்டுக்கு முன் போடுவதா, தையல் முடிந்த பிறகா?

முன்பே என்கிறாள் அவள், பின்பு என்கிறாய் நீ. என் ஓட்டு அவளுக்குத்தான். ஆனால் அவள் சொல்லும் காரணத்துக்காக அல்ல. தண்டுவடம் கூருணர்வு அடையுமுன்பே வலியைத் தடுத்துவிட்டால் பிற்பாடும் வலி குறையும் என்ற எண்ணம் 1980களின் எலிச் சோதனைகளிலிருந்து வளர்ந்தது. மனிதரிடம் முடிவு ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. நமது பிளாக் வயிற்றுச் சுவரை மட்டும்தான் மரக்கச் செய்கிறது. பித்தப்பைப் படுகையின் உள்வலியும், உதரவிதானத்திலிருந்து தோளுக்கு ஏறும் வலியும் அதைத் தொடாமலே போய்விடுகின்றன. வாசலைப் பூட்டிக் கொல்லையைத் திறந்து வைத்த கதை.

நான் பார்ப்பது கடிகாரத்தை. மருந்து பிடிக்க 15 முதல் 30 நிமிடம். மயக்கம் கொடுத்துச் சுவாசக் குழாய் போட்டதும் பிளாக்கை முடித்தால், கிருமிநாசினி பெயிண்ட் அடித்துத் துணி போர்த்துவதற்குள் பாதி நேரம் கழிந்துவிடும். சாதாரணமாக ஒரு மணி நேர அறுவை. பிளாக்கில் ஏற்றும் மரப்பு மருந்தான புப்பிவகெய்ன் 6 முதல் 12 மணி நேரம் நிற்கும். முன்பே போட்டதால் இழப்பது அந்த ஒரு மணிதான். கடைசியில் போட்டாலோ, பிடிப்பதற்கு முன்பே ஆள் விழித்துவிடுவார். அந்த அரைமணிக்கு ஓபியாய்டு வலி மருந்தான ஃபென்டனில் கொடுப்பாய், அதற்கு வாந்தி வரும். போதாததற்கு, வயிற்றை உப்ப வைக்க ஏற்றிய வாயு தோலடியில் கசிந்திருந்தால், ஊசிக்கு வழிகாட்டும் அல்ட்ராசவுண்டில் வெள்ளைப் புகைதான் தெரியும். அதன் புரோப் (தோலில் வைக்கும் கருவி) உட்கார வேண்டிய இடத்திலேயே பிளாஸ்திரி இருக்கும்.

உன் பக்கமும் நியாயம் உண்டு. திறந்த அறுவையாக மாறினால், பின்பு போடுபவன் வெட்டைப் பார்த்து முடிவு செய்யலாம். முன்பே போட்டவனிடம் டோஸ் மிச்சமிருக்காது. இன்னொன்று, ரத்தத்தில் மருந்து உச்சம் தொடுவது ஏறக்குறைய அரைமணியில். அளவு மீறி நச்சானால் வலிப்பு வரும். முழு மயக்கத்தில் அது வெளியே தெரியாது, இதயத் துடிப்பு தடுமாறும்போதுதான் தெரியவரும். அதனால் முறிவு மருந்தான 20% லிப்பிட் (கொழுப்புக் கரைசல்) தியேட்டருக்குள்ளேயே இருக்கட்டும்: 60 கிலோ ஆளுக்கு 90 மி.லி. 2, 3 நிமிடத்தில், பிறகு நிமிடத்துக்கு 15 மி.லி.

"பிளாக் போட்டும் மேல்வயிறு வலிக்கிறது" என்று எழுதியிருந்தாயே, அது நேரத்தின் குற்றமில்லை, இடத்தின் குற்றம். இடுப்புக்கு மேலே பக்கவாட்டில் போடும் டேப், தொப்புள் மட்டமான டி-10 (பத்தாவது மார்பு நரம்பு) பகுதிக்குக் கீழேதான் நன்றாகப் பிடிக்கும். மேல்வயிற்றுப் போர்ட் (கருவி நுழையும் துளை) டி-7, டி-8 பகுதி. விலா எலும்பு ஓரமாகப் போட்டுப் பார். லீனியர் புரோப்பை மார்பெலும்பின் நுனியிலிருந்து விலா விளிம்பையொட்டிச் சாய்த்து வை. வயிற்றின் முன்தசையான ரெக்டஸுக்கு அடியில் குறுக்குத் தசையான டிரான்ஸ்வர்சஸ் தெரியும். ஊசி இரண்டுக்கும் நடுவே நிற்க வேண்டும். முதலில் 2 மி.லி. சலைன் தள்ளு. இடைவெளி கண் வடிவில் பிளந்து திறந்தால் சரி. தசையே உப்பினால் ஊசி தசைக்குள் இருக்கிறது, அங்கே மருந்தை வீணாக்காதே. வலப்பக்கம் கல்லீரல் மிக அருகில், ஊசிநுனி திரையில் தெரியாத நேரத்தில் ஒரு மில்லிமீட்டரும் நகர்த்தாதே. நடுக்கோட்டுப் போர்ட்டுகள் இருப்பதால் இரண்டு பக்கமும் போட வேண்டும்.

அளவில்தான் பெரும்பாலும் தப்பு நடக்கிறது. 0.25% புப்பிவகெய்ன் பக்கத்துக்கு 20 மி.லி. என்றால் மொத்தம் 100 மி.கி. கிலோவுக்கு 2 மி.கி. வரம்பு வைத்தால் 60 கிலோவுக்கு 120. மிச்சம் 20 மி.கி., அதாவது 0.5% மருந்தில் வெறும் 4 மி.லி. அறுவை மருத்துவர் பழக்கதோஷத்தில் போர்ட் துளைகளில் அதையே 20 மி.லி. ஏற்றினால் மேலும் 100! வெட்டுக்கு முந்தைய சரிபார்ப்பிலேயே இதைச் சத்தமாகச் சொல்லிவிடு. 45 கிலோ பெண்மணிக்கு வரம்பே 90தான், பக்கத்துக்கு 15 மி.லி.க்கு மேல் வேண்டாம். இன்னொரு மரப்பு மருந்தான 0.2% ரோப்பிவகெய்ன் கிடைத்தால் கை இன்னும் தாராளமாக இருக்கும்.

பாராசிட்டமால் 1 கிராம், டெக்ஸாமெத்தசோன் 8 மி.கி., சிறுநீரகமும் இரைப்பையும் இடம் கொடுத்தால் ஒரு என்எஸ்ஏஐடி (ஸ்டீராய்டு அல்லாத அழற்சி நீக்கி வலி மருந்து). இவை இல்லாமல் பிளாக்கை மட்டும் நம்பாதே. உள்ளதைச் சொன்னால், சிக்கலில்லாத கேஸில் போர்ட் துளைகளில் ஒழுங்காக மருந்து ஏற்றினாலே போதும், டேப் அவசியமில்லை. தோள்வலிக்கு, போர்ட்டை எடுக்குமுன் வாயுவை நன்றாக வெளியேற்றச் சொல்.

அடுத்த இருபது கேஸில் வலி மதிப்பெண்ணை 1, 6, 24 மணியில் எழுதி வை. படுத்திருக்கும்போது ஒன்று, இருமச் சொல்லி ஒன்று, தோளுக்குத் தனியாக ஒன்று. மகளையே எழுதச் சொல். தாளை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
ராகவன்