யாரையும் பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தாய்

மக்கா,

உன் கடிதத்துக்கு உடனே பதில் போட முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. இலை உதிர்ந்து நிறுத்தி வைத்திருந்த ரப்பர் வெட்டு இப்போதுதான் மறுபடி தொடங்கியிருக்கிறது, பால் வெட்ட ஆள் கிடைக்காமல் குலசேகரம் வரைக்கும் போய்க் கெஞ்சிக் கூட்டி வந்திருக்கிறேன், ரிட்டயர் ஆனால் ஓய்வு என்று எவனோ சொன்னதை நம்பிய பலன். மகளுக்குத் திருவனந்தபுரத்தில் வேலை கிடைத்துவிட்டது, தினமும் ரயிலில் போய்வருகிறாள். உன் வீட்டு மதில் ஓரத்துப் பலா நன்றாகக் காய்த்திருக்கிறது, பாதி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது, கணக்குக் கேட்காதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் தேர்தலில் நிற்கிற ஒருத்தரையும் பிடிக்கவில்லை, இவர்களுக்கு ஓட்டுப் போடக் கோயம்புத்தூரிலிருந்து ராத்திரி வண்டி ஏறி வரவேண்டுமா என்று கேட்டிருக்கிறாய். வா என்றுதான் சொல்வேன். ஜனநாயகக் கடமை என்றெல்லாம் ஆரம்பிக்க மாட்டேன், அந்தப் பேச்சைப் பள்ளிக்கூட மேடையில் பேசிச் சம்பளம் வாங்கியவன் நான், கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

உன் எரிச்சல் நியாயமானதுதான். நாலுவழிச் சாலை, கல் லாரி, ரப்பர் விலை, கடலோர மணல் என்று ஒரே பாட்டை எல்லாக் கட்சிக்காரர்களும் பாடுகிறார்கள், வேனும் கொடியும்தான் மாறுகின்றன. அப்புறம் கட்சியைப் பார்த்துப் போட்டால் மட்டும் என்ன நிலைக்கிறது? விளவங்கோட்டில் 2021-ல் ஒரு கட்சியில் ஜெயித்தவர் 2024-ல் எதிர்க் கட்சிக்குப் போய் ராஜினாமாவும் செய்துவிட்டார், நாடாளுமன்றத் தேர்தலோடு சேர்த்து இடைத்தேர்தல் வைத்தார்கள், ஒரே நாளில் இரண்டு எந்திரத்தில் இரண்டு பட்டன். அந்தத் தொகுதிக்காரன் ஒருவன் இனி ஓட்டே வேண்டாம் என்று சொன்னால் நான் அவனோடு வாதம் செய்யமாட்டேன்.

ஆனால் 'பேசாமல் வீட்டில் இருந்தால் அதுவே என் எதிர்ப்பு' என்று எழுதியிருக்கிறாயே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. தேர்தல் டூட்டியில் பூத்துக்குள் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வராதவனுடைய எதிர்ப்பு எந்தக் காகிதத்திலும் ஏறாது. சாயங்காலம் கணக்கு எழுதும்போது இத்தனை பேர் பட்டியலில், இத்தனை பேர் ஓட்டுப் போட்டார்கள், அவ்வளவுதான். வராதவர்களில் செத்துப்போனவர், துபாயில் இருப்பவர், காய்ச்சலில் படுத்தவர், கொள்கைக்காக வராத நீ, எல்லாரும் ஒரே கழித்தல் கணக்குக்குள் போய்விடுவீர்கள்.

அப்படியானால் நோட்டா போடவா என்பாய். அதற்கு முன்னால் 49-ஓ என்று ஒரு தேர்தல் விதி இருந்தது நினைவிருக்கிறதா? விரலில் மை வைத்துப் பதிவேட்டில் கையெழுத்தும் போட்ட பிறகு 'எனக்கு யாருக்கும் போட விருப்பமில்லை' என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும், தலைமை அலுவலர் அதை 17-ஏ பதிவேட்டில் குறித்துவிட்டு அதன் கீழேயும் கையெழுத்து வாங்குவார். ஒரு தேர்தலில் தக்கலைப் பக்கத்துப் பூத் ஒன்றில் ஒருவர் இதைக் கேட்டார். உட்கார்ந்திருந்த ஏஜென்டுகள் அத்தனை பேரும் திரும்பி அவர் முகத்தைப் பார்த்த பார்வை இருக்கிறதே, மனுசர் வியர்த்துப் போனார், பக்கத்துத் தெருக்காரர் வேறு. இதில் ரகசியம் எங்கே இருக்கிறது என்றுதான் வழக்குப் போட்டார்கள், 2013 செப்டம்பர் 27-ல் உச்ச நீதிமன்றம் எந்திரத்திலேயே ஒரு பட்டன் வைக்கச் சொன்னது, அதுதான் நோட்டா. 49-ஓ விதி இன்னும் புத்தகத்தில் இருக்கிறது, கேட்பார் இல்லை.

பட்டன் வந்ததோடு சரி. 2014-ல் நாட்டிலேயே அதிக நோட்டா விழுந்தது நம் நீலகிரியில், 46,559 ஓட்டு. 2024-ல் இந்தூரில் காங்கிரஸ் வேட்பாளர் மனுவை வாபஸ் வாங்கிவிட்டதால் அந்தக் கட்சியே நோட்டாவுக்குப் போடச் சொல்லிப் பிரசாரம் செய்தது, 2,18,674 விழுந்தது, ஜெயித்தவர் பதினோரு லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்துப் போனார். நோட்டாவே முதலிடம் வந்தாலும் அதற்கு அடுத்து வந்த ஆள்தான் எம்.பி. ஒருவருக்கு டெபாசிட் போகுமா என்று பார்க்க, செல்லுகிற ஓட்டில் ஆறில் ஒரு பங்கு வாங்கினாரா என்று போடுகிற கணக்கில்கூட நோட்டாவைச் சேர்க்கமாட்டார்கள். மகாராஷ்டிராவிலும் ஹரியானாவிலும் உள்ளாட்சித் தேர்தலுக்கு மட்டும், நோட்டா அதிகம் வாங்கினால் மறு தேர்தல் என்று 2018-ல் உத்தரவு போட்டார்கள். நமக்கு அதுவும் இல்லை. ஆகவே நோட்டா போடுவதானால் போடு, தப்பு என்று சொல்லமாட்டேன், வீட்டில் இருப்பதைவிட ஒரு படி மேல்தான், எண்ணி எழுதுவார்கள். அதனால் முடிவு மாறும் என்று மட்டும் நினைத்து வராதே.

முடிவு மாறுவது என்றதும் ராதாபுரம் ஞாபகம் வருகிறது. ஆரல்வாய்மொழி தாண்டி நாலு எட்டு வைத்தால் அந்தத் தொகுதிதான். 2016-ல் அங்கே வித்தியாசம் வெறும் 49 ஓட்டு. இதில் எங்கள் வாத்தியார் கூட்டத்துக்கும் பங்கு உண்டு: தபால் ஓட்டுகள் 203, நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியர் சான்றொப்பம் போட்டது செல்லாது என்று தள்ளிவிட்டார்கள். தோற்றவர் வழக்குப் போட்டு, உயர் நீதிமன்றம் மறுபடி எண்ணச் சொல்லி, எண்ணியும் முடித்து, முடிவை வெளியிடாதே என்று உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்து, இழுத்து இழுத்து அந்த ஐந்து வருடமே தீர்ந்துபோனது. அன்றைக்கு 'யாரையும் பிடிக்கவில்லை' என்று வள்ளியூரிலும் பணகுடியிலும் வீட்டில் படுத்துக்கிடந்தவர்கள் 49 பேருக்குக் குறைவாகவா இருந்திருப்பார்கள்?

உன் கடிதத்தில் எனக்குப் பதில் சொல்லச் சிரமமாக இருந்த இடம் ஒன்று உண்டு. இருப்பதில் மோசம் குறைந்தவனுக்கே ஒவ்வொரு முறையும் போட்டுக்கொண்டிருந்தால் இவனுங்க எங்கே போய்விடுவானுங்க என்று கட்சிகள் நம்மைப் பற்றி முடிவுகட்டிவிடும், அதனால்தான் நல்ல ஆளை நிறுத்துவதே இல்லை என்கிறாய். பாதி உண்மை. மீதிப் பாதிக்குக் காமராஜரைத்தான் கூப்பிடவேண்டும். நல்ல ஆள் நிற்கத்தான் செய்தார், 1967-ல் சொந்த விருதுநகரிலேயே 1,285 ஓட்டில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். எம்.பி.யாக இருந்த நேசமணி இறந்ததால் நாகர்கோவிலில் 1969-ல் இடைத்தேர்தல் வந்தபோது நம்மூர்க்காரர்கள்தான் அவரை டெல்லிக்கு அனுப்பினார்கள். எங்கள் அப்பா சாகும்வரை அந்த ஓட்டைத் தானே தனியாகப் போட்டுக் காமராஜரை ஜெயிக்க வைத்ததுபோலப் பேசிக்கொண்டிருந்தார், உனக்குத்தான் தெரியுமே.

இன்னொன்று, எண்ணிக்கை முடிந்ததும் படிவம் 20 என்று ஒன்று வெளியாகும், பூத் பூத்தாக யாருக்கு எத்தனை, நோட்டாவுக்கு எத்தனை என்று எல்லாம் அதில் இருக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கட்சிக்காரர்கள் வேதப்புத்தகம் மாதிரி அதைப் படிப்பார்கள். நம் தெரு ஓட்டுப் போடாத தெரு என்று அதில் தெரிந்துவிட்டால் அப்புறம் லைட் எரியவில்லை என்று சொல்லக்கூட ஒருத்தரும் காது கொடுக்கமாட்டார்கள்.

நான் எப்படி முடிவு செய்கிறேன் என்று சொல்கிறேன், நீ சிரித்தாலும் பரவாயில்லை. பிடித்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்வதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். ஜெயித்த பிறகு எவரிடம் போய் நின்று சண்டை போட முடியும் என்றுதான் பார்க்கிறேன். நம் பாசனச் சானல் தூர்வாராமல் கிடந்து கடைவரம்புக்குச் சொட்டுத் தண்ணீர் வராத வருடம், நான் ஓட்டே போடாத ஒருவர்தான் பதவியில் இருந்தார். போய் வாசலில் நின்றோம், அரை நாள் காக்க வைத்தார், கத்தினோம், அவரும் கத்தினார், மறுவாரம் ஜேசிபி வந்தது. அவருக்கு முன்னால் இருந்தவர் தங்கமான மனிதர், ஊழல் என்று ஒரு சொல் கேட்டதில்லை, ஆனால் போனை எடுக்கமாட்டார், மனுவை வாங்கிப் புன்னகையோடு பக்கத்தில் நிற்பவர் கையில் கொடுத்துவிடுவார், அதோடு அந்த மனு போயிற்று. எனக்கு அந்தத் தங்கம் வேண்டாம் மக்கா. இந்த முறை நிற்பவர்களில் இரண்டு பேராவது கத்தினால் காதில் விழுகிற ஜாதி. அவர்களுடைய பிரமாணப் பத்திரத்தைத் தேர்தல் ஆணையத் தளத்தில் எடுத்துப் பார், வழக்கு என்ன, சொத்து என்ன என்று எல்லாம் இருக்கிறது, அதில் ஒருவர் மேல் உள்ள வழக்குகளைப் பார்த்தால் பாதி சாலை மறியல், அதை நான் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவரும் வேண்டாம் என்றால் சுயேச்சை யாருக்காவது போடு, அவர் வாங்குவது செல்லுகிற ஓட்டுக் கணக்கிலாவது சேரும்.

போன வாரம் தூத்தூர் போயிருந்தேன், பழைய மாணவன் ஒருவன் வீட்டு விசேஷம். ஆண்களில் பாதிப் பேர் இல்லை, கொச்சியிலிருந்து ஆழ்கடலுக்குப் போனவர்கள், திரும்ப ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகும். கிழக்கே சின்னமுட்டத்துக்காரர்களுக்கு ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும், 2024-ல் ஓட்டு 19-ம் தேதி என்பதால் படகைக் கட்டிவிட்டுக் கரையில் இருந்தார்கள். மேற்குப் பக்கத்தில் தடை ஜூன் மாதம்தான், இவர்கள் கடலில். பட்டாளக்காரனுக்குத் தபால் ஓட்டு, டூட்டிக்குப் போன எங்களுக்குத் தபால் ஓட்டு, இவர்களுக்குக் கிடையாது. ஒக்கி புயலில் 2017-ல் யாருடைய வீடுகளில் சாவு விழுந்ததோ, அந்த வீடுகள்தான் இவை. யார் ஆட்சியில் இருக்கிறார்கள் என்பது உயிர்ப் பிரச்சினையாக இருக்கிறவர்களுக்கு வரிசையில் நிற்கவே வழியில்லை. வேட்பாளர்கள் மேல் உனக்கிருக்கிற கோபத்தைவிட எனக்கு இதில்தான் கோபம் அதிகம், மனுக் கொடுக்க ஏதாவது யோசனை இருந்தால் எழுது, நீதான் சட்டம் படித்தவன்.

அப்புறம் உன் அம்மா சங்கதி. 85 தாண்டிவிட்டதால் வீட்டிலிருந்தே போடலாம் என்று 12-டி படிவத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள், நானும் கூடப் போயிருந்தேன். "நான் என்ன பாயிலா கிடக்குதேன், வீட்டுக்குப் பெட்டி கொண்டுவர" என்று விரட்டிவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கே போய்த்தான் போடுவார்களாம், நீ வந்து கூட்டிக்கொண்டு போவாயாம், இல்லாவிட்டால் என்னோடு ஆட்டோவில் வருவார்களாம். யாருக்கு என்று கேட்டேன், உனக்கென்ன அது என்றார்கள்.

டிக்கெட் போட்டதும் சொல்லு, வண்டி கோட்டார் ஸ்டேஷன் வரும்போது பைக்கோடு நிற்கிறேன். அதற்கு முன்னால் பட்டியலில் உன் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடு, வந்த பிறகு பெயர் இல்லை என்று என்னிடம் கத்தாதே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்