கைலியையும் சேகரியுங்கள்

சிங்கப்பூரில் அருங்காட்சியகத் துணிச் சேகரிப்புகளைக் கவனிக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். ஆசிய நாகரிக அரும்பொருளகம் வைத்திருக்கும் சோழமண்டலக் கரைத் துணிகளைப் பற்றி நினைத்தாலே பெருமையாக இருக்கிறது. மிளகுக்கும் கிராம்புக்கும் ஈடாகக் கப்பலேறிப் போன சாயத்துணிகள் அவை. சுலாவேசியின் தோராஜா மக்களைப் போன்றவர்கள் குலச்சொத்தாகப் பொத்திப் பொத்தி வைத்ததால்தான் அந்த மாதிரித் துணிகள் நம் காலம்வரை தப்பி வந்தன.

ஆனால் தினம் உடுத்தியதை யார் பொத்தி வைத்தார்கள்? கைலி பழசானால் பிள்ளைக்குத் தொட்டில், அதுவும் நைந்தால் அடுப்படியில் கரித்துணி, அப்புறம் குப்பை. பழவேற்காட்டின் (ஆங்கிலத்தில் புலிக்காட்) பெயரோடு மலாய்க்காரர்களிடம் 'காயின் பெலிக்காட்' என்று இன்றும் புழங்கும் அந்தக் கட்டம்போட்ட துணியை, துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரும் கடை வைத்திருந்தவரும் பள்ளிவாசலுக்குப் போனவரும் இனம் பார்க்காமல் இடுப்பில் கட்டியிருக்கிறார்கள். இந்த ஊரின் கதையைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான துணி எனக்குத் தெரியவில்லை.

அதனால் கேட்கிறேன், வீடுகளில் மிஞ்சியிருக்கும் கைலி, வேட்டி, துண்டு, சுங்குடிச் சேலை எல்லாவற்றையும் இப்போதே வாங்கி வையுங்கள். கூடவே யார் கட்டியது, எந்தக் கடையில் எடுத்தது, குடியாத்தம் தறியா குறிஞ்சிப்பாடித் தறியா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். துணியைப் பிறகுகூடத் தேடிப் பிடிக்கலாம், சொல்ல ஆள் இருக்கமாட்டார்கள்.

இன்னொன்று, தறி. கோர்வை போட்ட காஞ்சிபுரம் சேலையில் இரண்டு கரைக்கும் உடலுக்கும் தனித்தனி நாடா (குறுக்கு நூலான ஊடையைக் கொண்டுபோகும் கட்டை) ஓடும், கரை வேறு நிறம், உடல் வேறு நிறம், இரண்டும் ஒவ்வொரு ஊடையிலும் கோத்துக்கொள்ள வேண்டும், அதற்காகவே நெசவாளர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து மூன்றாவது நாடாவைத் தள்ளுவார். குறிப்பட்டையில் 'பட்டு, சரிகை' என்று மட்டும் போட்டால் இவ்வளவு உழைப்பும் எங்கே தெரியும்? ஒரு சேலையையாவது பின்பக்கம் தெரியத் தொங்கவிடுங்கள், சின்னத் தறி ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள், தமிழிலும் விளக்கம் எழுதுங்கள்.

சாயம் வெளிறாமல் இருக்க 50 லக்ஸ் அளவுக்கு மங்கிய வெளிச்சம்தான் வைக்க முடியும், துணியை அடிக்கடி மாற்றியும் ஆகவேண்டும் என்பது தெரியும். சரி, அப்படி மாற்றும்போது ஒரு முறை பட்டுக்குப் பதில் கைலியை வையுங்களேன்.

சேகரிப்பு நாள் ஒன்றை லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம், ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து அறிவியுங்கள், சனம் கூடுவது அன்றைக்குத்தான். கொண்டுவருவோரிடம் விவரம் கேட்டு எழுத ஆள் வேண்டுமென்றால் நானும் வருகிறேன்.

அன்புடன்,
தேக்காவுக்கு அடிக்கடி வரும் ஒரு வாசகி