பட்டியல் வேண்டாம், வாரம் மூன்று போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் மாணவர் பக்கத்தில் சென்ற வாரம் 'கெட்' என்ற ஒரே வினையை வைத்து நீளமாக ஒரு பட்டியல் வந்திருந்தது. கெட் அப், கெட் ஆன், கெட் ஆஃப், கெட் ஓவர், கெட் பை, கெட் அவே வித் என்று வரிசையாக, எதிரே ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் பொருள். ஆங்கிலத்தை அடியிலிருந்து கற்பவர்களுக்கு வகுப்பு எடுப்பவள் நான். ஃப்ரேசல் வெர்ப்பை, அதாவது ஒரு வினையும் அப், ஆஃப் போன்ற துக்கடாச் சொல்லும் சேர்ந்து ஒரே வினையாக நிற்கும் தொடரை, தொடக்கநிலையிலேயே சொல்லிக்கொடுக்க நீங்கள் முன்வந்ததில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. ஆனால் அந்தப் பட்டியல் தொடக்கநிலைக்காரர்களுக்கு உதவாது.

காரணம் எளிது. 'கெட்' எல்லாவற்றுக்கும் பொது. பிரித்தறிய மிஞ்சுவது ஆன், ஆஃப், ஓவர் என்ற துக்கடாச் சொற்கள் மட்டுமே. ஒரே நாளில் படித்தால் அவை ஒன்றோடொன்று குழம்பத்தான் செய்யும். என் வகுப்பில் ஒரு மாணவி இப்படிப்பட்ட பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு வந்தார். கேட்டதற்கெல்லாம் டக்கென்று பொருள் சொன்னார். சரி, பஸ்ஸிலிருந்து இறங்குவதை எப்படிச் சொல்வீர்கள் என்றேன். கெட் அவுட்டா, கெட் டவுனா, கெட் ஆஃபா என்று தடுமாறி, கடைசியில் சரியான 'கெட் ஆஃப்' வாயில் வராமலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் உழைப்பில் குறையே இல்லை. படித்த விதம்தான் அவரைக் கைவிட்டது.

ஒரு பொருளோடு இவை நிற்பதும் இல்லை. 'டேக் ஆஃப்' சட்டையைக் கழற்றுவதற்கும் வரும், விமானம் கிளம்புவதற்கும் வரும். கார்ட்னர், டேவிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் சுமார் 10 கோடி சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ் என்ற ஆங்கில உரைத்தொகுப்பை ஆராய்ந்து 2007-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதிகம் புழங்கும் 100 ஃப்ரேசல் வெர்ப்களுக்குச் சராசரியாக ஐந்துக்கு மேற்பட்ட பொருள்கள் இருப்பதாக அதில் கணக்கிட்டிருந்தார்கள். பயப்பட வேண்டியதில்லை. அந்தத் தொகுப்பில் வரும் ஃப்ரேசல் வெர்ப்களில் பாதிக்கு மேல், வெறும் 20 வினைகள் 8 துக்கடாச் சொற்களோடு சேர்ந்து உண்டானவைதான் என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. அடிக்கடி வருவதை மட்டும், ஒரு பொருளில் மட்டும் முதலில் கொடுத்தால் போதும். விமானம் அப்புறம் கிளம்பட்டும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். ஒரு புத்தகத்தைத் தரையில் வைப்பேன். 'பிக் இட் அப்' என்பேன், ஒருவர் எடுப்பார். 'புட் இட் டவுன்' என்றால் வைப்பார். 'கிவ் இட் பேக்' என்றால் என்னிடமே திருப்பித் தருவார். பிறகு அவர்கள் எனக்குக் கட்டளையிடுவார்கள், நான் செய்வேன். இந்த முறை புதிதல்ல. சொல்லைக் கேட்டு உடம்பால் செய்து பழகும் வழியை ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960-களிலேயே முன்வைத்தார்.

இதில் இலக்கணமும் தானாக உள்ளே போய்விடுகிறது. 'டர்ன் ஆஃப் தி லைட்' என்றும் சொல்லலாம், 'டர்ன் தி லைட் ஆஃப்' என்றும் சொல்லலாம். ஆனால் விளக்கின் இடத்தில் 'இட்' வந்துவிட்டால் அது நடுவில்தான் உட்கார வேண்டும்: 'டர்ன் இட் ஆஃப்'. 'டர்ன் ஆஃப் இட்' தவறு. அதே சமயம் 'லுக் ஃபார் இட்' என்பதைப் பிரிக்கக் கூடாது. பிரியும் வினை, பிரியா வினை என்று கரும்பலகையில் கோடு போட்டு விளக்கியபோது கொட்டாவி விட்டவர்கள், 'பிக் இட் அப்' என்று வாயால் சொல்லிப் பழகியபின் தவறுவது அரிது. கடைசி 'அப்' மேல் குரலை அழுத்திச் சொல்ல வைப்பதும் முக்கியம். அதை முழுங்கிவிட்டால் கேட்பவருக்குப் பாதிதான் போய்ச் சேரும்.

இதெல்லாம் பேச்சு வழக்கு, தொடக்கத்தில் தேவையில்லை என்று சொல்லும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். 'ஹரி அப்', 'கம் இன்', 'வெயிட், ஹேங் ஆன்' என்று எதிரில் இருப்பவர் சொன்னால் புரிய வேண்டாமா? 'போஸ்ட்போன்' தெரிந்தவருக்கு, அதே போலத் தள்ளிப்போடுவதைச் சொல்லும் 'புட் ஆஃப்' தெரியாமல் போவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

ஆகவே என் வேண்டுகோள் இது. வாரத்துக்கு மூன்றே மூன்று கொடுங்கள். மூன்றும் வெவ்வேறு வினையாக இருக்கட்டும். இருவர் பேசிக்கொள்ளும் ஒரு சின்ன உரையாடலுக்குள் அவற்றை வையுங்கள். தமிழ்ப் பொருளைப் பக்கத்தின் அடியில் தலைகீழாக அச்சிட்டால், வாசிப்பவர் முதலில் தானே ஊகித்துப் பார்ப்பார். நாலைந்து வாரம் கழித்து அதே மூன்றும் வேறொரு உரையாடலில் திரும்ப வரட்டும். இடம் பற்றவில்லை என்றால் பட்டியலை எடுத்துவிடுங்கள், உரையாடலை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆங்கில ஆசிரியை