தம்பிக்கு, அந்த செவுத்துப் பக்கத்து முடிச்சப் பத்தி

தம்பி,

நீ குரூப்ல போட்ட ஹேமக், அந்தத் தொங்கு படுக்கை போட்டோவ ஒரு வாரமா பெருசு பண்ணிப் பெருசு பண்ணி பாத்துட்டு இருக்கேன். ஜன்னல் பக்கத்துக் கண்ணிய நானே ஸ்ப்ளைஸ் பண்ணேன்ப்பா, முடிச்சே போடாம கயிறு வால அந்தக் கயிறுக்குள்ளயே செருகிட்டேன்னு எழுதியிருந்த. நல்லா வந்திருக்குல. வால உள்ள விட்ட இடம் சட்டுனு தடிச்சு நிக்காம எலிவால் மாதிரி ஒல்லியாகிட்டே போகுது, அப்படின்னா இழைய ஒவ்வொண்ணா வெட்டி சரிச்சிருக்க. அதுக்கு பொறுமை வேணும். நான் போசனா, டெக் ஆளுங்களுக்கு மேஸ்திரியா இருந்த கப்பல்ல புதுசா வர்ற பயலுகளுக்கு இதச் சொல்லிக்குடுத்து கை பழகுறதுக்குள்ள பாதி காண்ட்ராக்ட் முடிஞ்சிரும். தோணில இருந்த உங்க தாத்தா கை அப்படியே உனக்கு வந்திருக்குன்னு டீக்கடைல நாலு பேர்ட்ட காட்டினேன்.

ஆனா செவுத்துப் பக்கம் என்னல பண்ணி வச்சிருக்க? ஒரு பக்கம் இவ்வளவு அழகா செஞ்சவன் இன்னொரு பக்கம் பொறுமை போயி ரெண்டு சுத்து சுத்தி முடிச்சு போட்டு விட்டுட்ட. அது டைனீமா தம்பி, பிளாஸ்டிக் இழைக் கயிறு, தேங்கா நார்க் கயிறு மாதிரி சொரசொரன்னு ஒண்ண ஒண்ணு கவ்விப் பிடிக்காது, மெழுகு மாதிரி வழுக்கும், முடிச்சு போட்டா கயிறோட பலமே பாதிக்குப் பாதி போயிரும், மிச்சப் பாதியும் நீ புரண்டு படுக்கப் படுக்க கொஞ்சம் கொஞ்சமா உருவிட்டே இருக்கும். அந்தக் கயிறுக்கு ஸ்ப்ளைஸ் தான். பாரம் ஏற ஏற வெளிப் பின்னல் உள்ள இருக்கிற வால நெரிச்சுப் பிடிக்கும், பாரம் இல்லாம தொங்குறப்ப தான் வால் நழுவும், அதுக்குத் தான் நூலால நாலு தையல் போடுறது. உள்ள போற வால் கயிறு தடிமன மாதிரி 72 மடங்கு இருக்கணும், உன் 3 மில்லி கயிறுக்கு 22 சென்டிமீட்டர் கிட்ட வரும். கட்டுக்கம்பிய மடிச்சு ஊசி மாதிரி வச்சுக்கிட்டா போதும், ஃபிட்னு இதுக்குன்னே விக்கிற ஊசிய வாங்கணும்னு இல்ல. நீளம் கூட்டிக் குறைக்கிற இடத்துல மட்டும் தைச்சிறாத, அது ஓடணும்.

அப்புறம் இன்னொண்ணு, துணி காயப்போடுற கொடி மாதிரி விறைப்பா கட்டியிருக்க. ரெண்டு அடி கயிறுன்னா ஒரு அடி கீழ இறங்கணும், அதாவது 30 டிகிரி. அப்படி இருந்தா உன் 78 கிலோவுக்கு ஒவ்வொரு பக்கமும் 78 கிலோ தான் இழுக்கும். நீ கட்டியிருக்கது 10 டிகிரி கூட இருக்காது போல, அதுல ஒரு பக்கத்துக்கு 225 கிலோ கிட்ட இழுக்கும், நீ தொப்புன்னு உக்காந்தா அதுக்கும் மேல. அந்த செவுரு ஹாலோ பிளாக்கா பில்லரான்னு தட்டிப் பாத்தியா? பிளாக்கா இருந்தா ஆங்கர் போல்ட்டோட பேத்துட்டு வந்துரும். முடிச்ச அவுத்துட்டு ஸ்ப்ளைஸ் பண்ணு, இன்னைக்கே பண்ணு.

போட்டோல தலகாணி ஒண்ணு இருந்துச்சு. மடிச்ச போர்வை, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சார்ஜர், கண்ணாடிக் கூடு. முதுகுவலின்னு சொன்ன, சரி. அதுல நேரா படுத்தா முதுகு வில்லு மாதிரி வளையும், குறுக்கால படு. ஆனா ஹால்ல மாசக்கணக்கா படுக்கிறதுக்கு இல்லப்பா அது. முதுகுக்குச் சொல்றேன்.

செவுத்துப் பக்கத்து முடிச்ச நான் திரும்பத் திரும்ப சொல்றது ஏன்னா, உன் இடது புருவத்துல இருக்கிற தழும்பு அந்த மாதிரி முடிச்சால வந்தது தான். தொட்டில் விழுந்தது உங்கம்மா கட்டத் தெரியாம கட்டினதுன்னு தான இத்தனை வருசமா வீட்ல பேச்சு, ஆச்சி சாகுற வரைக்கும் அதச் சொல்லிட்டு தான செத்தா. அம்மா கட்டினது சேலைய மட்டும். விட்டத்துல கயிறு கட்டினது நான். கப்பல்ல இருந்து கொண்டு வந்த புது நைலான், பளபளன்னு இருந்துச்சு, பிள்ளைக்கு நல்ல கயிறா போடணும்னு நாரு கயிற அவுத்துப் போட்டுட்டு அத கட்டினேன். சும்மா ஒரு சதுர முடிச்சு, வால் ரெண்டு விரக்கடை கூட விடல, ஏழு மாசப் பிள்ள தானன்னு. நீ கீழ கிடந்து கத்துற, ஆச்சி அம்மாவ வஞ்சிட்டு இருக்கா, நான் அண்ணாந்து பாக்கேன், முடிச்சு உருவி ரெண்டு முனையும் சுருண்டு நிக்குது. பாத்த உடனே தெரிஞ்சுட்டு. வாயத் திறக்கல. ஊருக்கே கயிறு கட்டிக்குடுக்கிற போசன் கட்டினது அவுந்துட்டுன்னு எப்படிச் சொல்லன்னு இருந்துட்டேன். நாலாம் நாள் கப்பலுக்குப் போயிட்டேன், ஒம்பது மாசம். அந்த ஒம்பது மாசத்துல உங்கம்மா எழுதினது ரெண்டே லெட்டர், ரெண்டுலயும் உன் தையல் ஆறினது மட்டும் தான் இருந்துச்சு, வேற ஒரு வரி கிடையாது. திரும்பி வந்து நானும் கேக்கல அவளும் சொல்லல, நான் லீவுல வர்றப்பலாம் திண்ணைல படுத்தது உனக்கு ஞாபகம் இருக்கும், காத்துக்காகன்னு சொல்வேன்.

போன செவ்வாக்கிழமை அவட்ட சொல்லிட்டேன். உன் போட்டோவப் பாத்த பெறவு சொல்லாம இருக்க முடியல. நெத்திலி ஆஞ்சுட்டு இருந்தா, கையக் கழுவிட்டு புறவாசலுக்குப் போயிட்டா. இன்னையோட அஞ்சு நாள், சாப்பாடு வைக்கா, பேச மாட்டேங்கா. பேசாதது சரி தான். நான் இப்ப திண்ணைக்குப் போகல, உள்ள தான் படுத்துக்கிறேன்.

மக்ரூன் நானே போயி வாங்கிட்டு வந்தேன், ரெண்டு பாக்கெட், ஒண்ணு மருமகளுக்கு, அவளுக்கு தான் பிடிக்கும். உடையாம இருக்க டப்பால போட்டு கூரியர்ல அனுப்பணும். ரெண்டையும் ஒரே அட்ரஸுக்கு அனுப்பலாமா, இல்ல தனித்தனியாவா, அத மட்டும் எழுது.

அப்பா