பாயிண்ட்டை மட்டும் எண்ணாதீர்கள்: கூடைப்பந்துத் தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். போன மாதம் கடலூரில் நடந்த பெண்கள் அணித் தேர்வில் 7ஆம் எண் பெண்ணை ஏன் எடுக்கவில்லை என்று அவளுடைய கோச் கேட்டார். "பாயிண்ட்டே இல்லையே, ஃபவுல்தானே நிறைய இருக்கு" என்று ஸ்கோர் ஷீட்டைக் காட்டினீர்கள். அந்த ஷீட்டை எழுதியது நான். மேசையில் உட்கார்ந்து அதை நிரப்புகிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: ஒரு ஆட்டக்காரரை எடைபோட அந்தத் தாள் போதாது.

அதில் நான் எழுதுவது யார் கூடை போட்டார், யார் ஃபவுல் செய்தார், எந்த அணி டைம் அவுட் கேட்டது, அவ்வளவுதான். கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்கிற ரீபவுண்டுக்குக்கூட அதில் இடம் கிடையாது. டிஃபென்ஸுக்காகவே ஓடுகிற பெண்ணுக்கு அதில் இருப்பதெல்லாம் ஃபவுலுக்கான ஐந்து கட்டம்.

நான் அந்த ஷீட்டை எழுதிய அரையிறுதியில், கூடைக்குப் பக்கத்தில் நின்று ஆடும் எதிரணியின் உயரமான சென்டரைத் தடுக்க நின்றது அவள்தான். அந்தப் பெண்ணின் தோள் உயரம்தான் இருப்பாள். பந்து வருவதற்கு முன்பே முன்னால் போய் நின்று, கையை நீட்டி, பாஸே வரவிடாமல் செய்தாள். ஒரு தடவை சென்டர் வேகமாக உள்ளே நுழைந்தபோது, இரண்டு காலையும் ஊன்றி நின்று, மோதலை நெஞ்சில் வாங்கிக்கொண்டு சிமெண்ட் தரையில் மல்லாந்து விழுந்தாள். நடுவர் சார்ஜ் கொடுத்தார், அதாவது மோதிய சென்டர் மேல் ஃபவுல், பந்து இவள் அணிக்கு வந்தது. முழங்கையில் தோல் உரிந்து ரத்தம். வெளியே போய்த் தண்ணீர் ஊற்றிக் கழுவி, துணி கட்டிக்கொண்டு திரும்ப வந்தாள். நான் சென்டர் பெயருக்கு நேரே ஒரு ஃபவுல் குறித்தேன். இவள் பெயருக்கு நேரே எதுவும் குறிக்கவில்லை, குறிக்க வழியில்லை.

மூன்றாவது குவார்ட்டரில் நான்காவது ஃபவுலோடு கோச் அவளை உட்காரவைத்தார். அதுவரை ஒட்டிக்கொண்டே போன ஆட்டம் அப்புறம் கைவிட்டுப் போனது. அதே சென்டர் தடுக்க ஆளில்லாமல் போட்டுக்கொண்டே இருந்தாள். அங்கே இருந்த எல்லாருக்கும் காரணம் தெரியும். நீங்கள் அன்று வரவில்லை.

அமெரிக்காவின் என்பிஏ லீகில் ஆடிய பென் வாலஸைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1996இல் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. வாழ்நாள் சராசரி ஆட்டத்துக்கு 5.7 புள்ளிதான். ஆனால் என்பிஏவில் நான்கு முறை ஆண்டின் சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரர், 2004இல் டெட்ராய்ட்டோடு சாம்பியன், 2021இல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம். சம்பளமும் இப்படித்தான் ஏமாற்றும். ஸ்காட்டி பிப்பன் 1997-98இல் சிகாகோ அணி கோப்பை வென்றபோது, சொந்த அணியிலேயே சம்பளத்தில் ஆறாவது இடத்தில் இருந்தார். அந்த அணியில் அவரைவிடப் பெரிய ஆட்டக்காரர் ஜோர்டான் ஒருவர்தான்! பாஸில் கை வைத்துத் திருப்பியது, சார்ஜ் வாங்கியது, எதிராளியை மறித்து ஸ்கிரீன் போட்டுக் கூடைக்கு வழி விட்டது என்று எல்லாவற்றையும் என்பிஏ 2016 முதல் எண்ணி வெளியிடுகிறது. நாம் இன்னும் பாயிண்ட்டிலேயே நிற்கிறோம்.

உங்களை மட்டும் சொல்லவில்லை. கோடை டோர்னமென்ட்டுகளுக்கு வெளியூரிலிருந்து காசு கொடுத்துக் கூட்டி வருகிறவர்களுக்கும் பாயிண்ட் பார்த்துத்தான் பணம், பாயிண்ட் பார்த்துத்தான் மரியாதை. பிள்ளைகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்? கோர்ட்டுக்கு வந்ததும் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று எறியத் தொடங்குகிறார்கள். ரீபவுண்டுக்காக எதிராளியை முதுகால் மறித்து பாக்ஸ் அவுட் பண்ணச் சொன்னால், "அதுக்கு என்ன சார் கிடைக்கும்?" என்று ஒரு பெண் நேராகவே கேட்டாள். இந்தத் தேர்வை வைத்துக்கொண்டு அவளுக்கு நான் என்ன பதில் சொல்வது?

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். தேர்வுக்கு முன் ஆட்டத்தை முழுசாகப் பாருங்கள். குழுவில் ஒருவராவது கடைசி விசில் வரை உட்காருங்கள். கூடவே ஒரு நோட்டில், யார் எப்போது உள்ளே வந்தார், எப்போது வெளியே போனார், அந்த நேரத்தில் ஸ்கோர் என்ன என்று குறிக்கச் சொல்லுங்கள். அவர் களத்தில் இருந்தபோது அணி ஏறியதா இறங்கியதா என்று தெரிந்துவிடும். ஒரே ஆட்டத்தை வைத்து அந்த பிளஸ் மைனஸ் கணக்கை நம்ப முடியாது, நல்ல நாலு பேரோடு ஆடுகிறவருக்கும் அது கூடவே வரும். அதனால்தான் நோட்டோடு கண்ணும் வேண்டும், ஆட்டத்தை முழுசாகப் பாருங்கள் என்கிறேன்.

இந்த அணியில் இடம் கிடைத்தால்தான் அவளுக்கு மாநில அளவில் ஆட வழி. அங்கே ஆடினால்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி, பிறகு வேலை என்றெல்லாம் அவள் வீட்டில் யோசிக்கவே முடியும். நெல்லிக்குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, இருட்டிய பிறகு திரும்பிப் போகிற பெண் அவள்.

அணிப் பட்டியலை இறுதி செய்யும் முன் 7ஆம் எண்ணை ஒரு முழு ஆட்டத்தில் ஆடவைத்துப் பார்க்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். நோட்டு எழுத ஆள் இல்லை என்றால் நானே வருகிறேன், அதற்குப் படி எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதும் ஒருவன்,
கடலூர்