பிரான்சுக்குப் போகும் பிள்ளைகள் வண்டி எடுக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புது பைக் ஒன்று வந்தால் அதன் விலை, மைலேஜ், கலர் எல்லாம் உங்கள் நாளிதழில் விவரமாக வருகிறது, விரும்பிப் படிக்கிறேன். ஆனால் நம் புதுவையிலிருந்து பிரான்சுக்குக் குடிபோகிறவர்கள் எப்போதும் இருந்துகொண்டே இருக்கிறார்கள், அவர்களில் இளைஞர்கள் பலர் "போனதும் முதல் வேலை பெரிய வண்டி எடுக்கணும்" என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறுகிறார்கள். அவர்களுக்கு என்று ஒரு வரிகூட யாரும் எழுதுவதில்லை. நான் பாரீஸ் புறநகரில் வேலை பார்த்து, அங்கே வண்டி ஓட்டி, ஓய்வு பெற்று முத்தியால்பேட்டைக்குத் திரும்பியவன். இப்போது என் தங்கை மகனும் கிளம்புகிறான், அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் வண்டியைப் பார்க்காதீர்கள், லைசென்சைப் பாருங்கள். இங்கே கியர் வண்டிக்கு ஒரு லைசென்ஸ் எடுத்துவிட்டால் 100 சி.சி.யும் ஓட்டலாம், 1000 சி.சி.யும் ஓட்டலாம், யாரும் கேட்க மாட்டார்கள். அங்கே படிப்படியாகத்தான். ஏ1 என்ற லைசென்ஸ் வகை என்றால் 125 சி.சி., எஞ்சின் திறன் 11 கிலோவாட் வரை. ஏ2 என்றால் 35 கிலோவாட் வரை, நம் ஷோரூம் கணக்கில் ஏறக்குறைய 47 குதிரைத்திறன், அதை 18 வயதில் எடுக்கலாம். ஏ2 வாங்கி 2 ஆண்டு கழித்து 7 மணி நேரப் பயிற்சியும் முடித்த பிறகுதான், எந்தப் பெரிய வண்டியும் ஓட்டக்கூடிய முழு 'ஏ' கிடைக்கும். 2016 முதல், 20 வயதுப் பையனோ 45 வயதுக்காரரோ, புதிதாக எடுப்பவர் எல்லோருக்கும் இதே வழிதான்.

நம் ஊர் லைசென்ஸ் செல்லாதா என்றால், குடியேறியவர்களுக்குப் பொதுவாக ஓராண்டு வரை செல்லும், அதுவும் பிரெஞ்சு மொழிபெயர்ப்போ சர்வதேச ஓட்டுநர் உரிமமோ கூடவே இருக்க வேண்டும். அந்தச் சர்வதேச உரிமத்துக்கும் ஆயுள் ஓராண்டுதான். இங்கே ஏஜெண்டுகள் சிலர் "இதை வாங்கிக்கோ தம்பி, போதும்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள், பையனும் அதை நம்பி அங்கே கடன் போட்டுப் பெரிய வண்டி எடுத்துவிடுகிறான். ஆண்டு முடிந்த பிறகு ஒரு விபத்து நடந்தால் காப்பீடு அவனுக்குத் துணை நிற்காது. கல்லூரி நாளிலிருந்து ஈ.சி.ஆரில் புல்லட் ஓட்டியவனை அங்கே மறுபடியும் பயிற்சிப் பள்ளியில் உட்காரச் சொன்னால் கோபம் வரும், எனக்குப் புரிகிறது. ஏ2-க்குக் குறைந்தது 20 மணி நேரம் கட்டாயம். அதைச் செலவு என்று நினைக்காதீர்கள், மெதுவாக உருட்டுவதும் சட்டென்று பிரேக் பிடித்து நிறுத்துவதும் அங்கேதான் சரியாகச் சொல்லித் தருகிறார்கள்.

இங்கே இருக்கும் வண்டியையே கப்பலில் கொண்டுபோகலாமா என்று கேட்பவர்களும் உண்டு. வேண்டாம். நம் வண்டி பி.எஸ்.6 என்ற நம் நாட்டுப் புகை விதிக்கு ஏற்றதாகவே இருந்தாலும், இந்தியாவில் விற்பதற்காகச் செய்த வண்டிக்கு ஐரோப்பிய ஒப்புதல் சான்று இருக்காது. அது இல்லாமல் அங்கே பதிவு செய்ய அலைந்தால் வண்டியின் விலையை விட அலைச்சல் அதிகமாகிவிடும். ஆசையாக வைத்திருந்தால் தம்பிக்கோ மச்சானுக்கோ கொடுத்துவிட்டுப் போங்கள்.

சரி, எந்த வண்டி? நம் பக்கத்தில் செய்கிற வண்டிகளே அங்கேயும் விற்பனைக்கு இருக்கின்றன. ராயல் என்ஃபீல்டு 650 இரட்டை சிலிண்டர் எஞ்சின் 47 குதிரைத்திறன், ஏ2 வரம்புக்குள் சரியாக வந்து நிற்கிறது. ஆனால் வண்டி 200 கிலோவுக்கு மேல், மழை ஈரத்தில் கல் பாவிய தெருவில் நிறுத்தி எடுக்கும்போது அந்த எடை தெரியும், குள்ளமானவர்கள் கால் ஊன்றிப் பார்க்காமல் வாங்கவே கூடாது. அதே கம்பெனியின் 350 சி.சி. வண்டி எடை கொஞ்சம் குறைவு, ஊருக்குள் சுகமான வண்டி, ஆனால் நெடுஞ்சாலையில் வேக வரம்பு 130, கார்கள் பின்னால் வந்து நெருக்கும்போது 20 குதிரைத்திறன் போதாது. தினமும் 40, 50 கிலோமீட்டர் வேலைக்குப் போகிறவர்களுக்கு புனே பக்கம் சக்கனில் தயாராகும் 400 சி.சி. டிரையம்ப், கே.டி.எம். 390 போன்றவைதான் நடுத்தரம் என்பது என் கருத்து. பாரீசுக்குள்ளேயே வீடும் வேலையும் என்றால் இன்னொன்று யோசிக்க வேண்டும், 2022 செப்டம்பரிலிருந்து அங்கே பெட்ரோல் இருசக்கர வண்டி நிறுத்தவும் காசு, மின்சார வண்டிக்கு இல்லை.

எதை எடுத்தாலும் கடையில் முன்பணம் கட்டும் முன் காப்பீட்டுக்கு விலை கேளுங்கள். புது லைசென்ஸ்காரர்களிடம் அதிகம் வாங்குகிறார்கள், இங்கே ஓட்டிய அனுபவத்தைப் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை. பழைய வண்டி என்றால் 2024 ஏப்ரல் 15 முதல் இருசக்கர வண்டிகளுக்கும் தொழில்நுட்பச் சோதனை வந்துவிட்டது, 5 வயது தாண்டிய வண்டிக்கு 6 மாதத்துக்குள் எடுத்த சோதனை அறிக்கையை விற்பவர் காட்டியாக வேண்டும். பழக்கமான ஆள், நம்ம ஊர்க்காரர் என்று அதை விட்டுவிடாதீர்கள்.

ஹெல்மெட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை மட்டும் இருந்தால் அங்கே செல்லாது, ஐரோப்பிய ஹெல்மெட் தரத்துக்கான ஈ.சி.ஈ. முத்திரை வேண்டும், வெளிச்சம் பட்டால் ஒளிரும் ஸ்டிக்கரும் ஒட்டியிருக்க வேண்டும். சி.இ. என்ற ஐரோப்பியத் தர முத்திரை பெற்ற கையுறை 2016 நவம்பர் முதல் கட்டாயம், பின்னால் உட்காருகிறவருக்கும்தான். முதல் குளிர்காலத்தில் சட்டம் சொல்லாமலே கையுறை தேடுவீர்கள்!

வண்டியை விட நான் அதிகம் பயப்படுவது ஒன்றுக்குத்தான். அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், இரண்டு வாரத்தில் பழகிவிடும். என் பயம் அதுவல்ல, இதுதான்: பலகையோ சிக்னலோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்குத்தான் முதல் வழி, அவர் சின்னச் சந்திலிருந்து வந்தாலும் அப்படித்தான், நிற்காமல் வருவார். மிஷன் வீதியிலும் நேரு வீதியிலும் ஹாரன் அடித்து முந்திப் பழகிய நமக்கு இது உடம்பில் ஏறப் பல மாதங்கள் ஆகும். அதனால்தான் முதல் வருஷம் சட்டென்று பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் நல்ல ஏ.பி.எஸ். உள்ள, எடை குறைந்த, அவசரப்படுத்தாத வண்டியாக எடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

நம் போக்குவரத்துத் துறைக்கும் ஒரு கோரிக்கை. சர்வதேச உரிமம் கொடுக்கும் இடத்தில், இது ஓராண்டுக்கு மட்டும்தான், போகிற நாட்டின் லைசென்ஸ் விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் என்று தமிழில் பெரிய எழுத்தில் ஒரு பலகை வையுங்கள். ஆசிரியர் அவர்கள் உங்கள் மோட்டார் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு முழுக் கட்டுரை போட வேண்டும், முடிந்தால் மாணவர்கள் கிளம்பும் ஆகஸ்ட் மாதத்துக்கு முன்பே.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.