அட்டைக் குதிரையில் யார் ஏறுவது?

ஆஸ்திரேலியாவில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளின் ஆண்டு விழாக் குழுவினருக்கு வணக்கம்.

போன வருடம் எங்கள் பள்ளி விழாவில் பிள்ளைகள் 'வால்ட்ஸிங் மட்டில்டா' பாடி ஆடினார்கள். ஆடு திருடிய நாடோடியையும் அவனைப் பிடிக்கக் குதிரையில் வரும் போலீஸையும் பற்றிய, இங்கே பிரபலமான நாட்டுப்பாட்டு அது. மேடையில் அட்டையில் வெட்டிய மூன்று குதிரைகள். மூன்றிலும் பையன்கள். பெண் பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் பஞ்சு ஒட்டி ஆட்டு வேஷம். குதிரைகளை வெட்டி, இரண்டு இரவு கண் விழித்து வண்ணம் அடித்தவள் நான்தான். அதனால் யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. குதிரை என்றதும் பையனை ஏற்ற வேண்டும் என்று எனக்கும்தானே தோன்றியது!

விழா முடிந்து சில வாரம் கழித்து டெட் ஈகனின் 'தி ட்ரோவர்ஸ் பாய்' பாட்டைக் கேட்டேன். காலியான பீர் அட்டைப்பெட்டியில் தாளம் தட்டிக்கொண்டு பாடிய நாட்டுப்பாடகர் அவர். 2003 முதல் 2007 வரை வட பிராந்தியத்தின் (நார்தர்ன் டெரிட்டரி) அட்மினிஸ்ட்ரேட்டராகவும், அதாவது ஆளுநர் மாதிரியான பதவியிலும், இருந்தவர். ட்ரோவர் என்றால் பெரிய மாட்டு மந்தைகளை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஓட்டிக்கொண்டு போகிறவர். பாட்டில் குதிரை ஒன்று மிரண்டு ஓடுகிறது, அங்கவடியிலிருந்து கால் நழுவுகிறது, ட்ரோவரிடம் வேலை பார்த்த 'பையன்' செத்துப்போகிறான். எப்போதும் கல் மாதிரி இருந்த அந்த ட்ரோவர் புதைக்கும்போது அழுகிறார். ஒரு வேலைக்காரப் பையனுக்காக இவர் ஏன் இப்படி அழுகிறார் என்று கூட இருந்தவர்களுக்குப் புரியவில்லை. செத்தது பையன் இல்லை, பூர்வகுடிப் பெண்.

வெள்ளைக்கார ஆண்கள் பூர்வகுடிப் பெண்களோடு சேர்ந்து வாழ்வதை வட பிராந்தியத்தின் 1918 சட்டம் தடுத்தது. அதனால் அந்தப் பெண்களின் தலைமுடியை வெட்டி, கால்சட்டையும் தொப்பியும் மாட்டிவிட்டு, கேட்பவர்களிடம் 'பையன்' என்று சொல்லிவிடுவார்கள். இதைக் கேட்டதும் உருக்கமான காதல் கதை என்று நினைத்துவிடாதீர்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் ஏமாந்தேன். அவளுடைய ஆண்களைச் சுட்டார்கள், அவளைப் பிடித்தார்கள், முடியை வெட்டினார்கள், குதிரையைப் பழக்குவதுபோல் அவளையும் பழக்கினார்கள் என்று அதே பாட்டு சில வரிகளில் சொல்லிவிட்டுப் போகிறது. அந்த வரிகளைக் காதில் வாங்காமல் கடைசி அழுகைக்கு மட்டும் கண் கலங்கினால் பாட்டைப் பாதிதான் கேட்டோம் என்று அர்த்தம்.

இந்தப் பெண்கள் பார்த்த வேலையைச் சொல்கிறேன். காட்டில் சிதறிக் கிடக்கும் மாடுகளை வளைத்துச் சேர்க்க வேண்டும், கன்றுக்குச் சூடு போடப் பிடித்துக்கொள்ள வேண்டும், ராத்திரிக் காவல் பார்க்க வேண்டும். ராத்திரியில் ஒரு குச்சி முறிந்தாலும் மந்தை மிரண்டு ஓடிவிடும். அதனால் காவலுக்குப் போகிறவர்கள் படுத்திருக்கும் மாடுகளைச் சுற்றிச் சுற்றி வந்து மெதுவாகப் பாடுவார்கள். பழகிய குரல் கேட்டுக்கொண்டிருந்தால் மாடு பயப்படாது. அந்த ஊரில் பாட்டும் வேலைக்கான கருவி. கூலியாக மாவு, சர்க்கரை, தேயிலை, கொஞ்சம் இறைச்சி கிடைக்கும். பலருக்குக் கையில் காசு விழுந்ததே இல்லை. வட பிராந்தியப் பண்ணைகளில் பூர்வகுடித் தொழிலாளருக்கும் சம கூலி என்று, கூலி வழக்குகளை விசாரிக்கும் நடுவர் ஆணையம் தீர்ப்புச் சொன்னது 1966 மார்ச்சில். அதையும் 1968 டிசம்பரில்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். 1950-ல் அப்பாவுக்கு அடிபட்டதும் மந்தையைத் தானே பொறுப்பேற்று ஓட்டிப்போன எட்னா ஸிகன்பைன் என்ற வெள்ளைக்காரப் பெண்ணை 'முதல் பெண் தலைமை ட்ரோவர்' என்று கொண்டாடுகிறார்கள். கெட்டிக்காரிதான், மறுக்கவில்லை. ஆனால் அவருக்கு எத்தனையோ வருடம் முன்பிருந்தே அதே பாதைகளில் மாடு ஓட்டிய பூர்வகுடிப் பெண்களுக்குப் பாட்டில்கூட ஒரு பெயர் இல்லை. 1966 ஆகஸ்ட் 23 அன்று வட பிராந்தியத்தின் வேவ் ஹில் பண்ணையிலிருந்து குரிண்ட்ஜி என்ற பூர்வகுடி மக்கள் வேலையை விட்டு வெளியேறினார்கள். அதைப் பற்றிய பாட்டுகளில் அவர்களுக்குத் தலைமை தாங்கிய வின்சென்ட் லிங்கியாரியின் பெயர் ஒலிக்கிறது. ஒலிக்க வேண்டிய பெயர்தான். வெள்ளைக்கார வேலையாட்கள் குரிண்ட்ஜிப் பெண்களிடம் நடந்துகொண்ட விதமும் அவர்கள் வெளியேற ஒரு காரணம். அந்தப் பெண்களில் ஒருவர் பெயராவது உங்களுக்குத் தெரியுமா?

எனக்குத் தெரிந்த பெயர் ஒன்று உண்டு, டெய்சி பிண்டி. மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில், ஜிகலாங் பக்கத்துப் பண்ணை ஒன்றில் 1904 வாக்கில் பிறந்தவர். சின்ன வயதிலேயே குதிரையேற்றம் கற்றுக்கொண்டார். வேலைக்குக் கூலியைக் காசாகக் கொடு என்று கேட்டு வாங்கியவர். 1946-ல் பில்பராப் பண்ணைகளில் பூர்வகுடித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ராய் ஹில் பண்ணை ஆட்களைத் திரட்டி வெளியே கொண்டுவந்தவர் இவர்தான். பின்னாளில் ஒரு காலை இழந்தார். 1959-ல் செயற்கைக் கால் பொருத்திக்கொள்ள பெர்த் போனவர், வந்தது வந்தோம் என்று தன் மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்றும் கேட்டுவிட்டு வந்தார். தமிழ்ப் பள்ளி நடத்தக் கட்டடம் தேடி அலைந்த நமக்கு அந்த அலைச்சல் கொஞ்சமாவது புரியும்.

இந்த வருட விழாவுக்கு என் யோசனை இது. 'மட்டில்டா' பாட்டை நீக்க வேண்டாம், நல்ல பாட்டு. ஈகனின் பாட்டைச் சின்னப் பிள்ளைகளிடம் கொண்டுபோகவும் வேண்டாம். பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் வகுப்பில் முழுசாகக் கேட்கட்டும், வாக்குவாதம் செய்யட்டும். சின்னவர்களுக்கு டெய்சி பிண்டியின் கதை போதும், அதைப் பத்து வரித் தமிழ்ப் பாட்டாக எழுத நம் ஆசிரியர்களுக்குத் தெரியாதா என்ன? மேடையேற்றும் முன் பூர்வகுடியினர் ஒருவரை அழைத்துக் காட்டிக் கேளுங்கள். அவருக்குரிய பணத்தையும் கொடுத்துவிடுங்கள். சாப்பாடும் பொன்னாடையும் போட்டு அனுப்பும் பழக்கம் இதில் வேண்டாம்.

சரி, குதிரைகள் இன்னும் என் கராஜில்தான் இருக்கின்றன. ஒன்றுக்கு மட்டும் காது மடங்கிவிட்டது, ஒட்டிவிடலாம். ஒத்திகைக்கு முந்தின நாளே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
போன வருடம் குதிரை செய்த அம்மா